கையளவு டாங்கியின் வண்ண மரபுகள்

டாங்கி மாதிரி என்பது உண்மையான கவச வண்டியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, வண்ணம் பூசி முடிக்கும் கைவேலை. 1/72, 1/48, 1/16 எனப் பல அளவுகள் வழக்கில் இருந்தாலும் உலகெங்கும் ஆட்சி செய்வது 1/35தான். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய பாந்தர் டாங்கியை வெளியிட்டபோது, மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்கவேண்டும் என்பதற்காகத் தேர்ந்த அளவு அது. பொம்மைக்காக வந்த வசதிக்கணக்கு பின்னாளில் ஒரு கலையின் அளவுகோலாக நிலைத்துவிட்டது. ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கி, முன்னோக்கிய பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறத்தாழ 9.8 மீட்டர் நீளம். 1/35 அளவில் அது 28 சென்டிமீட்டர்.

ஒட்டும் வேலையில் கருத்து வேறுபாடு குறைவு. பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி அச்செண்ணெயைப் போக்குவது, இணைப்புக் கோட்டை நிரப்பித் தேய்ப்பது, மெல்லிய கைப்பிடிகளுக்குப் பித்தளைத் தகடும் கம்பியும் இடுவது ஆகியவற்றை எல்லா மரபுகளும் ஏற்கின்றன. பிரிவினை தொடங்குவது வண்ணத்தில்.

அதற்குக் காரணம் வெளிச்சம். நாற்பது டன் எஃகின் மேல் விழும் வெயில் அதன் மடிப்புகளில் நிழலையும் விளிம்புகளில் ஒளியையும் தானே உண்டாக்குகிறது. உள்ளங்கையில் ஏந்தும் பொருளுக்கு அந்த நிழல் போதுமான அளவு விழுவதில்லை. ஒரே பச்சையைச் சீராக அடித்து முடித்த மாதிரி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வெறும் பிளாஸ்டிக்காகவே தெரியும். இல்லாத நிழலை எந்த அளவுக்குத் தூரிகையால் வரைவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு மரபும் ஒரு விடை வைத்திருக்கிறது.

முதலில் பரவலான விடை பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், அமெரிக்காவின் ஷெப் பெய்ன் இருவரின் பெயரோடு சேர்ந்தது. அடிவண்ணம் காய்ந்தபின், நீர்த்த கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவார்கள், இதுதான் ‘வாஷ்’. பிறகு வெளிர்ந்த வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் படும்படி உரசுவார்கள். இது ‘டிரை பிரஷ்’. மானோகிராம் நிறுவனப் பெட்டிகளில் பெய்னின் காட்சியமைப்புத் துண்டுப்பிரசுரங்கள் வந்தன. டாங்கியைத் தனியாக நிறுத்தாமல் இடிந்த சுவர், மரம், வீரர்களோடு ஒரு கதையாக அமைக்கும் வழக்கம் அவற்றால் வேரூன்றியது. இந்த மரபின் குறை எளிதில் கண்ணில் படும்: உரசல் மிகுந்தால் எல்லா விளிம்பும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும்.

இரண்டாவது மரபை வண்ணச்சில்லு மரபு எனலாம். போர்க்கால ஆணைகள், வண்ண எண்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவையே இதற்கு வேதம். 1943 பிப்ரவரியில் ஜெர்மானியர் அடிவண்ணமாக ஏற்ற அடர்மஞ்சள், 1944 முதல் பிரித்தானியர் பூசிய எஸ்.சி.சி. 15 ஆலிவ் ஆகியவற்றை எண் தவறாமல் கலப்பது இதன் பெருமை. ஆனால் வரலாறே இந்தத் துல்லியத்தைக் கேலி செய்கிறது. ஜெர்மானியப் படைகளுக்குப் பச்சையும் பழுப்பும் பசையாகவே வந்தன. களத்தில் கிடைத்ததைப் பொறுத்து பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். அடுத்தடுத்த வண்டிகளிலேயே நிறம் வேறுபட்டது. மேலும், தொலைவில் நிற்கும் வண்டியின் நிறம் காற்றால் வெளிறித் தெரிவதுபோல மாதிரியின் நிறத்தையும் சற்று வெளிறச் செய்யவேண்டும் என்ற வாதத்துக்கும் எண் அட்டையில் பதில் இல்லை.

மூன்றாவது மரபு இந்த நூற்றாண்டில் ஸ்பெயினை மையமாகக் கொண்டு எழுந்தது. மிகெல் ஹிமேனெஸ் இதன் முக்கியப் பரப்புநர்; வண்ணமாறுதல் உத்தியை அமெரிக்கரான ஆடம் வைல்டர் வளர்த்தெடுத்தார். இந்த உத்தியில் ஒவ்வொரு தகட்டையும் தனித் தளமாக எடுத்து, கீழே இருட்டிலிருந்து மேலே வெளிச்சம் வரை ஏர்பிரஷால் படிப்படியாக ஏற்றுவார்கள். அதன்மேல் நிறத்தைச் சற்றே மாற்றும் மெல்லிய ‘ஃபில்டர்’ பூச்சு, புள்ளிபுள்ளியாக எண்ணெய் வண்ணம், தூள் நிறமி என்று அடுக்குவார்கள். தலைக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயை இரு வண்ணங்களுக்கு நடுவே பூசி, மேல் வண்ணத்தை ஈரத்தூரிகையால் சுரண்டிப் பெயர்க்கும் உத்தியும் இக்காலத்தில் பரவியது. பனிக்கால வெள்ளைப்பூச்சு உரிவதைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. புகைப்படத்தில் இந்த மரபை வெல்ல ஆளில்லை; மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தால்தான், ஒவ்வொரு தகடும் தனக்கென ஒரு சூரியனை வைத்திருப்பது உறுத்தும்.

பழையதாக்கும் வேலையில் எல்லா மரபுகளும் தவறுவது துருவில். கவசத் தகட்டில் மெல்லிய துருதான் படியும். போரில் வாரக்கணக்கே வாழ்ந்த வண்டிக்கு அதுவும் அரிது. துரு கூடும் இடம் புகைபோக்கி. சங்கிலித்தடம் ஓடும்போது தரையில் உராயும் பகுதி பளபளக்கும். வண்ணம் உண்மையில் தேய்வது வீரர்களின் காலணி படும் இடங்களில், அதாவது மூடி விளிம்பு, ஏறுபடி, எரிபொருள் வாய் ஆகியவற்றில். ஈரச்சேறு இருண்டு மின்னும். காய்ந்தது வெளிறி மங்கும். இரண்டையும் ஒரே பழுப்பில் தீட்டுவது தொடக்கக்காரர் அடையாளம்.

இந்தியப் பொருளுக்குக் குறைவில்லை. 1971 போரில் டிசம்பர் 16 அன்று இந்திய அதிகாரி அருண் கேத்ரபால் போரிட்டு வீழ்ந்த ‘ஃபமகுஸ்தா’ என்ற செஞ்சூரியன் டாங்கி, 1965 போரில் கேம்கரணில் சிக்கிய பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள், 2004இல் 43ஆவது கவசப் படைப்பிரிவுக்கு வழங்கப்பட்ட அர்ஜுன் என்று பட்டியல் நீளும். நேரில் பார்த்து நிறம் குறிக்க அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) குதிரைப்படை டாங்கி அருங்காட்சியகம் உண்டு. ஆனால் காட்சிக்கு நிற்கும் வண்டிகள் பலமுறை மறுபூச்சு கண்டவை. உருவத்துக்கு அவை சாட்சி, நிறத்துக்கு அல்ல.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழில் இந்தக் கலைக்கு இரண்டு வகையில் நெருக்கமானது. முதலாவது, பூச்சு அறிவு. டேனரியின் பினிஷிங் பிரிவில் தோலுக்கு நிறமியும் பைண்டரும் கலந்த அடிப்பூச்சை ஸ்பிரே செய்து, அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரோ வேறு மேற்பூச்சோ ஏற்றுகிறார்கள். மாதிரிக் கலைஞரின் அடுக்கும் இதே வரிசைதான். மழைக்காலத்து ஈரக்காற்றில் லாக்கர் பால்போல் வெளுத்துப் படிவது இரு தொழிலுக்கும் பொதுவான தொல்லை. வேலூரின் மே மாத வெயிலில் அக்ரிலிக் வண்ணம் ஏர்பிரஷ் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். அதற்குக் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில துளி சேர்க்கவேண்டும். அதிகாலையில் அடிப்பது அதைவிட எளிய வழி.

இரண்டாவது, தோலின் நிறம். டாங்கியின் மேல் நிற்கும் வீரர் உருவங்களில் பூட்ஸ், இடைவார், துப்பாக்கியுறை, பிரித்தானியர் அணிந்த கையில்லாத் தோல் அங்கி ஆகியவை உண்டு. முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையின் பூட்ஸுகளுக்குச் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் பெருமளவில் போயிற்று. அந்தத் தோலின் இயல்பு நிறம் இளம் பிஸ்கட் பழுப்பு. பட்டையில் பதனிட்டது கைபட எண்ணெய்பட இருளும்; கீறினால் வெளிறும்; வெட்டு விளிம்பிலும் பழுப்பே தெரியும். குரோமில் பதனிட்டது அடியில் வெளிர்நீலம். சாயம் உள்வரை இறங்காவிட்டால் வெட்டிய இடத்தில் அந்த நீலச்சாம்பல் எட்டிப்பார்க்கும். இந்த வேறுபாட்டை 5 சென்டிமீட்டர் உயர உருவத்தில் காட்டுபவர் சிலர்தான். ஆம்பூர்க்காரர் ஒருவர் தூரிகை எடுத்தால் இதை நூல் பார்த்துக் கற்கவேண்டியதில்லை.

தர நிர்ணயத்தில் இரு முறைகள் உண்டு. 1963இல் பிரிட்டனில் தோன்றிய மாதிரிக் கலைஞர்களின் ஐ.பி.எம்.எஸ். அமைப்பின் வழிவந்த போட்டிகள் பலவற்றில் மேசையிலுள்ள மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று எனத் தேர்வார்கள். அன்று போட்டியாளர்கள் வலுவற்றிருந்தால் சராசரி மாதிரியும் முதலாகிவிடும். கவச வாகனங்களுக்கென்றே அமைந்த அமெரிக்காவின் ஏ.எம்.பி.எஸ். அமைப்பு, ஒவ்வொரு மாதிரியையும் வகுத்த தரத்தோடு மட்டும் ஒப்பிட்டு மதிப்பெண் இட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருகிறது. தகுதி இருந்தால் பத்துப் பேரும் தங்கம் பெறலாம். தொடக்கக்காரருக்கும் தேர்ந்தவருக்கும் தனித்தனிப் படிநிலைகள் உண்டு. தோல் ஏற்றுமதியில் வாங்குபவர் தந்த மாதிரித் துண்டோடு நிறத்தை ஒப்பிட்டு, உரசல் சோதனையும் வளைவுச் சோதனையும் செய்து ஏற்பது இந்த இரண்டாம் முறையையே சேர்ந்தது. கற்பவருக்கு இந்த இரண்டாம் முறையே நியாயமானது; தவறு எங்கே என்பது எழுத்துமூலம் கையில் கிடைக்கும்.

எந்த முறையிலும் நடுவர் முதலில் பார்ப்பது வண்ணத்தை அல்ல. சக்கரங்கள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா, சங்கிலித்தடம் இருபுறமும் ஒரே திசையில் பூட்டியிருக்கிறதா, குழலின் இணைப்புக்கோடு மறைந்திருக்கிறதா என்பவற்றில் தேறிய பிறகே பூச்சுக்கு முறை வரும். எண் ஒட்டிகளின் ஒளிபுகும் விளிம்பு வெள்ளிபோல் மின்னுவது, சேறு சக்கரத்தில் இருந்து தடத்தில் இல்லாதிருப்பது, வீரரின் பூட்ஸில் மட்டும் தூசியே படாதிருப்பது ஆகியவை அடுத்தபடியாக மதிப்பெண் குறையும் இடங்கள்.