புலிமேல் அமர்ந்த துறவி

1674இல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்காக ஓவியர் லெ ப்ரன் 24 சிலைகளைத் திட்டமிட்டார். பருவங்கள், பூதங்கள், கண்டங்கள், எல்லாமே மனித உருவில். அழகுதான், ஆனால் எந்தச் சிலை எதைக் குறிக்கிறதென்று படித்தவர்தான் சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட 108 அடிச் சிலைக்கு விளக்கவுரை வேண்டாம். புலிமேல் துறவி மாதேஸ்வரர். மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக வரும் நம்மூர்ப் பாட்டிக்கும் பார்த்ததுமே புரிகிறது: காட்டின் சினம் அவரிடம் அடங்கிவிட்டது.

எனக்கு இந்தச் சிலையைவிடப் பிடித்தது மலைக் கோயிலில் உலா வரும் சிறிய புலி வாகனம். பேருருவை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இந்தப் புலியைப் பக்கத்தில் நின்று முகத்துக்கு நேராகப் பார்க்கலாம். சுற்றியுள்ள காடு 2013 முதல் சரணாலயம். அங்கே உயிருள்ள புலிகளும் உண்டு. மலைக்குப் போகிறவர்கள் வாகன உலாவைத் தவறவிடாதீர்கள்.