வாசிப்பும் படிப்பும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைப்புத்தகத்தை வாசிப்போம், பரீட்சைக்குத்தான் படிப்போம். திருமணமாகித் திருச்சிக்கு வந்தபோது இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதைக் கேட்டேன். வார இதழைக்கூட மாமியார் 'படிச்சுட்டேன்' என்பார்.

சொல் மட்டுமா வேறு?

1990இல் போர் மறுபடி தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி நிறுத்திக் கொளுத்துவோம். வீட்டுக்கு அப்படி ஒரு விளக்குத்தான். ஆகவே இரவில் தனியாக வாசிக்க வழியில்லை. அம்மா வாசிப்பா, நாங்கள் நால்வரும் அவவைச் சுற்றிப் படுத்திருந்து கேட்போம். பெரும்பாலும் பழைய 'அம்புலிமாமா'. பக்கங்கள் போனவை, அட்டை இல்லாதவை, நாலு வீடு சுற்றி வந்தவை. 1981இல் யாழ் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட ஊர் அது. கைக்கு வந்த புத்தகத்தை ஒருவரும் தம்மோடு பூட்டி வைக்கவில்லை. விமானச் சத்தம் கேட்டால் அம்மா விளக்கை ஊதி அணைப்பா. இருட்டில், விட்ட வரியிலிருந்து கதையைத் தானே சொல்லிக்கொண்டு போவா. எது புத்தகத்தில் இருந்தது, எது அம்மாவுடையது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயம் விட்டுப்போனது அந்தக் குரலால்தான்.

திருச்சியில் மாமியாருக்குப் புத்தகப் பஞ்சம் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகி, தெருக்கோடி வரை கிளை நூலகங்கள் வந்திருந்தன. வாடகை நூல் நிலையமும் பக்கத்தில். வாரா வாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு, இந்திய இதழ்களோடு கடல் தாண்டி வந்தது.

அவருக்குக் குறைவாக இருந்தது தனிமை. பதினோரு பேர் சாப்பிடும் கூட்டுக்குடும்பம். மதியம் பாத்திரம் கழுவி முடித்து, கூடத்துத் தரையில் தூணோரம் இதழோடு சாய்ந்தால் மூன்றரை மணி வரை யாரும் கூப்பிடக் கூடாது. குழந்தைகளுக்குக் கதை சொன்னது உண்டு. புத்தகத்தைப் பிரித்து வாசித்துக் காட்டியதில்லை. அதில் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் நேர்ந்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். அந்த வீட்டில் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. இதழ்தான் அறை.

எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. மதியத்தில் மாமியாரைப் போல ஒரு தூண். இரவில் அம்மாவைப் போல ஒரு குரல்.

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடப் பையை மூலையில் போட்டுவிட்டு, நேற்று இரவு கதைப்புத்தகத்தை நீட்டினாள். "அம்மா, படிக்க வேணாம்மா, வாசி." கட்டிலின் அந்தப் பக்கம் மாமியார் தன் இதழை மடியில் கவிழ்த்து வைத்தார்.