கைக்குழியில் தெரியும் காலம்

‘இடைக்கால ஐரோப்பிய கவுன்’ என்று விற்கப்படும் காகிதப் பேட்டர்ன்கள் பலவற்றில் முதுகின் நடுவே ஜிப்புக்கு இடம் விட்டிருக்கும். ஜிப் 20ஆம் நூற்றாண்டுப் பொருள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; எடுத்துவிட்டு முன்பக்கம் கயிறு கோத்துக் கட்டினால் தீர்ந்தது. என்னால் பொறுக்க முடியாதது கைக்குழி.

1921இல் தென் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் கல்லறை நிலத்தை டென்மார்க்கின் போல் நோர்லுண்ட் அகழ்ந்தார். அங்கே இடைக்காலத்தில் குடியேறி வாழ்ந்த நார்ஸ் மக்கள், இறந்தவர்களில் பலரைப் பழைய உடைகளிலேயே சுற்றிப் புதைத்திருந்தார்கள். உறைந்த மண் அந்தக் கம்பளி உடைகளைக் காத்துவைத்திருந்தது. இன்று அவற்றில் பல கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் வெட்டு வியப்பூட்டுவது. முன்னும் பின்னும் நீளத் துண்டுகள்; பக்கங்களிலும் நடுவிலும் கீழே அகலும் செருகு துண்டுகள். மார்புக்கு டாட் (மடிப்புத் தையல்) இல்லை, இடுப்பில் வெட்டி ஒட்டிய பாவாடையும் இல்லை. இடுப்பின் ஒடுக்கமும் கீழ்விரிவும் துண்டுகள் சேரும் தையல் கோடுகளிலேயே பிறக்கின்றன. ஆட்டு மயிரைக் கையால் நூற்று, தறியில் நெய்து பெற்ற துணி அது. ஒரு சாண்கூட வீணாக்க மனம் வந்திருக்காது.

கைக்குழியோ சிறியது, அக்குளை ஒட்டி உயர்ந்தது. கையின் தையல் பின்பக்கமாக வரும். அங்கே செருகிய துண்டு தோள் அசைய இடம் கொடுக்கும். கையைத் தூக்கினாலும் உடம்புப் பகுதி பெரிதாக நகராது. கடைப் பேட்டர்னோ எல்லா உடம்புக்கும் பொருந்த வேண்டுமென்று கைக்குழியை அகலமாக, தாழ்வாக வெட்டச் சொல்கிறது. கையைத் தூக்கினால் கவுன் முழுவதும் மேலே இழுபடுகிறது. அந்தக் காலத்து உடையில் வேலையே செய்திருக்க முடியாது என்று அணிந்தவர் நினைத்துக்கொள்கிறார். ஒரு வெட்டுப் பிழை வரலாறாகிவிடுகிறது.

ஆனாலும் கடைப் பேட்டர்னை ஒதுக்கச் சொல்லமாட்டேன். 1863இல் அமெரிக்காவின் எபனேசர் பட்டரிக் அளவுவாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கியபோது, தையற்காரரின் அறிவு சாதாரண வீடுகளுக்குள் வந்தது. தையலுக்கு விடவேண்டிய இடம், பொருத்தக் குறிகள், படிப்படியான வழிமுறை எல்லாம் இருப்பதால்தான் புதியவர் ஒரு கவுனைத் தைத்து முடிக்கிறார்.

அகழ்வுப் பொருளிலிருந்து வரைந்த பேட்டர்னிலும் சிக்கல் உண்டு. எல்ஸ ஓஸ்டர்கோர் 2004இல் வெளியான நூலில் ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ் உடைகளை விரிவாக ஆராய்ந்தார். அவரும் மற்றவர்களும் சேர்ந்து தந்த வெட்டு வரைபடங்கள் பெரும் கொடை. ஆனால் ஒவ்வொன்றும் ஒருவர் உடம்புக்கானது. அதைச் சீராகப் பெருக்கினால் கழுத்து அகன்றுவிடும், கைக்குழி தொங்கும்.

அதனால் மார்பளவையும் உயரத்தையும் கடைப் பேட்டர்னிலிருந்து எடுக்கலாம். வெட்டை ஹெர்யோல்ஃப்ஸ்நெஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டும். நீளத் தையல்களை மெஷினில் ஓட்டினால் குற்றமில்லை. கம்பளிக்குப் பதில் பாலியஸ்டர் வாங்கினால் மட்டும் கவுன் அந்தக் கனத்தோடு விழாது. கம்பளியில் கத்திரி வைக்கும் முன் காடாத் துணியில் ஒன்று தைத்து, போட்டுக்கொண்டு, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்க வேண்டும். கீழ்விளிம்பு ஏறினால் கைக்குழியைப் பிரித்து, வேறு காடாத் துண்டில் இன்னும் சிறிதாக, இன்னும் மேலே வெட்ட வேண்டும்.