கேட்கத் தெரிந்த மனிதர்

டி.எஸ்.பாலையா என்றதும் உங்களுக்கு எந்தப் படம் ஞாபகம் வரும்? பத்துக்கு ஒன்பது பேர் 'காதலிக்க நேரமில்லை' என்பீர்கள். நாகேஷ் பேய்க் கதை சொல்ல, பாலையா கேட்டுக்கொண்டே நடுங்குவாரே, அந்தக் காட்சி. சரி, அடுத்த கேள்வி. அந்தக் காட்சியில் பாலையா பேசுகிற வசனம் ஏதாவது ஒன்று சொல்லுங்கள், பார்ப்போம்.

யோசிக்கிறீர்கள், இல்லையா? யோசித்தாலும் வராது. ஏனென்றால் அவர் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. கதை கேட்கிறார், அவ்வளவுதான். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். ஒருவர் கதை கேட்டதைப் பார்த்து அறுபது வருஷமாகத் தமிழ்நாடு சிரித்துக்கொண்டிருக்கிறது.

பழநிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு டீக்கடை. டி.வி-யில் இதே காட்சி. பெஞ்சில் இருந்த பையன் ஒருவன், "நாகேஷ் பின்றாரு பாருங்க மாமா" என்றான். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "அவரு பின்றது இருக்கட்டும் மாப்ள. நீ யாரு மூஞ்சியப் பாத்துச் சிரிச்ச?" பையன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அந்தப் பெருசு மூஞ்சியத்தான்" என்றான். "அதான் பாலையா" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

பாலையா 1914-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தார். முதல் படம் 1936-ல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் அதுதான் முதல் படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாதவர்! அதில் கதாநாயகன் எம்.கே.ராதாவைக் கெடுக்கிற வில்லன் வேஷம் பாலையாவுக்கு.

இங்கே ஒரு பொருத்தம் பாருங்கள். ஆஸ்கரில் துணை நடிகருக்கென்று தனி விருது ஆரம்பித்ததும் அதே 1936-ம் வருஷப் படங்களுக்குத்தான். முதலில் வாங்கியவர் வால்டர் பிரென்னன். ஐந்து வருஷத்துக்குள் மூன்று தடவை வாங்கிவிட்டார். கதாநாயகன் பக்கத்தில் நிற்கிறவனும் நடிகன்தான் என்று ஹாலிவுட் அப்போதே கணக்கு எழுதிவிட்டது. நம் தேசிய விருதுகளில் துணை நடிகருக்கு ஓர் இடம் ஒதுக்கியது 1984-ம் வருஷப் படங்களிலிருந்து. பாலையா காலமானது 1972-ல். வயது 57. விருது வந்தபோது வாங்க ஆள் இல்லை.

முதல் இருபது வருஷம் அவருக்கு அதிகமும் வில்லன் வேஷம். 1956-ல் 'மதுரை வீரன்' வரை வந்து எம்.ஜி.ஆரோடு மோதினார். நடுவில் 1949-ல் 'வேலைக்காரி'. அண்ணாவின் கதை. கத்தியும் கோபமுமாக நிற்கிற கே.ஆர்.ராமசாமிக்கு யோசனை சொல்கிற நண்பன் மணியாக வருவார். 1954-ல் 'தூக்குத் தூக்கி'யில் சேட்டு வேஷம். அரைகுறைத் தமிழை வைத்துக்கொண்டு தியேட்டரையே கலக்கினார்.

வில்லன் பாலையாவை நான் முழுசாகக் கொண்டாட மாட்டேன். அந்தக் காலப் படங்களில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்கிற மேடைப் பழக்கம் அவரிடம் தெரியும். உருட்டும் கண், இழுத்துப் பேசும் குரல், எல்லாம் ஒரு பிடி அதிகம். அது அவர் குற்றம் மட்டுமில்லை. அன்றைக்கு எல்லாருமே அப்படித்தான். ஆனால், வயது ஏற ஏற மற்றவர்கள் குரலை ஏற்றினார்கள். இவர் குறைத்தார். எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தார். என் கணக்கில் பெரிய பாலையா அங்கிருந்துதான் பிறக்கிறார்.

1959-ல் பீம்சிங்கின் 'பாகப்பிரிவினை'. அண்ணன் பாலையா, தம்பி எஸ்.வி.சுப்பையா. மனைவி சி.கே.சரஸ்வதி சொல்வதைக் கேட்டுக் கேட்டே குடும்பத்தை இரண்டாக்குகிற அண்ணன். இவர் கெட்டவர் இல்லை. கேட்கக்கூடாததைக் கேட்டவர். நம் ஊர்களில் வரப்புத் தகராறும் சுவர்த் தகராறும் இப்படித்தானே ஆரம்பிக்கின்றன?

'திருவிளையாடல்' (1965) ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து, பாண்டியன் சபையில் என்ன திமிர், என்ன அலட்டல்! எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தப் பாட்டைத்தான். அந்த வேஷத்தின் உயிர் அதற்கப்புறம் இருக்கிறது. ராத்திரியில் திண்ணையில் ஒரு விறகு வெட்டி பாடுகிறான். பாணபத்திரர் சீடனாக ஏற்காமல் தள்ளிவிட்ட ஆள் என்கிறான். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார்? ஊரை விட்டே கிளம்பிவிடுகிறார் பாகவதர். சபையில் பாடி ஜெயிக்கிற கர்வம், திண்ணையில் ஒரு பாட்டைக் கேட்டுத் தோற்கிறது. கேட்கத் தெரியாத ஒருவர் அந்த வேஷத்தில் நடித்திருந்தால், பாகவதர் வெறும் கோழையாகத் தெரிந்திருப்பார். பாலையா நடித்ததால், நல்ல சங்கீதத்துக்குத் தலைவணங்கிய ஒரு வித்வான் தெரிகிறார்.

மூன்று வருஷம் கழித்து அதே ஏ.பி.நாகராஜன் 'தில்லானா மோகனாம்பாள்' எடுத்தபோது பாலையாவுக்குக் கொடுத்தது தவில்காரர் முத்துராக்கு வேஷம். கோயில் திருவிழாவில் மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். தவில்காரரின் கை தோலில் இருந்தாலும் கண் நாயனக்காரர் மேலேயே இருக்கும். அவர் எங்கே நிறுத்துவார், எங்கே எடுப்பார் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். சிவாஜி நாயனம் பிடிக்கிறார், பாலையா பக்கத்தில் தவில். அவர் தொழிலுக்கே அது பொருத்தமான வேஷம். பக்கவாத்தியம் சரியில்லாவிட்டால் எந்த வித்வானும் மேடையில் ஜெயிக்கமுடியாது.

மறுபடி 'காதலிக்க நேரமில்லை'க்கு வருகிறேன். பொள்ளாச்சி தாண்டி ஆழியாறுப் பக்கம் எடுத்த படம். நாகேஷ் சத்தம் கொடுத்துச் சுற்றிச் சுற்றி வருகிறார். பாலையா பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே. முதலில் 'உளறுகிறான்' என்கிற அலட்சியம். அப்புறம் லேசான ஆர்வம். அப்புறம் பயம். பயந்தது பிள்ளைக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்கிற அப்பாவின் கௌரவம். கடைசியில் கௌரவமும் போய் வெறும் பயம். இத்தனையும் முகத்திலேயே. நாகேஷ் மகா கலைஞன், அதில் சந்தேகமில்லை. ஆனால், பயப்பட ஆள் இல்லாவிட்டால் அது பேய்க் கதையே இல்லை.

படம் 1966-ல் 'ப்யார் கியே ஜா' என்று இந்திக்குப் போனது. மகனாக மெஹ்மூத், அப்பாவாக ஓம் பிரகாஷ். சிறந்த நகைச்சுவைக்கான ஃபிலிம்ஃபேர் விருது மெஹ்மூதுக்குக் கிடைத்தது. கதை சொன்னவருக்கு விருது! கேட்டவருக்கு? அங்கேயும் அதே கதைதான்.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைய பல படங்களிலும் சீரியல்களிலும் ஒருவர் பேசும்போது அடுத்தவர் தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறார். கண்ணிலேயே தெரிகிறது. சினிமாவை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? வீட்டில், ஆபீஸில், கல்யாணப் பந்தியில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? எதிராளி வாயை மூடவேண்டும், நாம் திறக்கவேண்டும். கேட்பது ஒரு வேலை என்பதே மறந்துபோய்விட்டது.

ஒரு சின்ன சோதனை. அடுத்த தடவை அந்தக் காட்சி வரும்போது சத்தத்தை முழுசாகக் குறைத்துவிடுங்கள். திரையில் நாகேஷ் இருக்கிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். பாலையாவை மட்டும் பாருங்கள். கதை முழுக்கப் புரியும்.