நாலு கேள்வி

"நீல அட்டை சார். கிணறு பத்தின புத்தகம். எழுதினவர் பேரு மறந்துபோச்சு."

இப்படித்தான் பலரும் நூலகரின் மேசைக்கு வருகிறார்கள். நல்ல நூலகர் முகம் சுளிப்பதில்லை. அவருக்கு இப்போதுதான் வேலை சூடு பிடிக்கிறது. "கதையா, விவசாயமா? உங்களுக்கா, பிள்ளைக்கா? எதுக்குத் தேவைப்படுது?" நாலு கேள்வி போனால், கேட்டது வேறு, வேண்டியது வேறு என்று தெரிந்துவிடும். வந்தவருக்குத் தேவை அந்த நீலப் புத்தகமே இல்லை. போர் போட்டால் தண்ணீர் வருமா என்பதுதான். தேடல் வேறு அலமாரிக்கு நகரும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்குப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானதும் சலித்துப்போய், கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தார். அவர்தான் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக்கினார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் நான்காம் விதியைத்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும். பின்னட்டைத் தாளில் கடைசி முத்திரை மங்கிப்போன புத்தகம் ஒன்றை உருவி, தூசி தட்டி, உரியவர் கையில் வைக்கும்போது நூலகர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வரும். பெண் பார்த்து முடித்த தரகரின் சிரிப்பு. (கமிஷன்தான் கிடையாது.)

வாங்கியவர் நன்றி சொல்ல மறந்து, நின்றபடியே படிக்கத் தொடங்கிவிடுவார். நூலகர் பக்கத்து அடுக்கைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு நடை போய், "அதுதானே?" என்பார். "அதேதான் சார்!" என்று பதில் வந்துவிட்டால், சாப்பாட்டு நேரம் தாண்டியதுகூட அவருக்கு உறைக்காது.