தோம்பில் ஏறாத வீடு

போர்த்துக்கேயரும் டச்சுக்காரரும் இலங்கையில் காணிகளைப் பதிந்துவைத்த பேரேட்டுக்குத் தோம்பு என்று பெயர். வரி வாங்குவதற்காக. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகிறார்கள். அதைக் கட்டடக் கலைஞர் ஒழுங்கான வரைபடமாக்குகிறார். பிறகு சனாதனனின் சித்திரம். இப்படி 80 வீடுகள். பார்க்க ஒரு கச்சேரிக் கோப்பு மாதிரியே இருக்கும்.

அந்த நடுத்தாள்தான் எனக்கு உறுத்துகிறது. கோடெல்லாம் நேராகிவிட்டது. டேட்டாவைச் சுத்தம் செய்வது என் தினசரி வேலை. ஒழுங்குக்குள் வராததைத் தூக்கிப்போட்டுவிடுவோம். இங்கே போனது கையின் தடுமாற்றம். முதல் தாளுக்குத் திரும்பினால்தான் அது தெரிகிறது. பதிவேடு எதையோ அழித்துவிட்டுத்தான் பதிவேடாகிறது என்பதைத் தாள்களின் வரிசையே சொல்லிவிடுகிறது. சித்திரங்கள் அழகானவைதான், ஆனால் அந்த முதல் தாளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அதிகம் பேசுகின்றன.

இன்னொன்று. வரைந்தவர்களில் தமிழர்களோடு முஸ்லிம்களும் உண்டு. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1990இல் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியதைப் பேசும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. கோப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரித் தாள்தான். வரலாற்றை அரசு மட்டும்தான் மறைக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கோப்பை எடுத்து நீட்டலாம்.