ஜீனோ மீண்டும் வந்தது எதற்கு

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதன் அடுத்த பாகமான ‘மீண்டும் ஜீனோ’வைத்தான் நான் மேலாக மதிக்கிறேன். பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டிய நாடு, அதை ஆளும் சர்வாதிகாரி ஜீவா யார் என்ற மர்மம், இவை முதல் பாகத்தை இழுத்துச் செல்கின்றன. முதல் பாகத்தின் நாயகி நிலா இரண்டாம் பாகத்தில் அரசி. அதிகாரமோ ரவி, மனோ என்ற இருவர் கையில். மர்மம் தீர்ந்துவிட்டதால் விறுவிறுப்பு குறைந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் சர்வாதிகாரி ஒழிந்ததும் சர்வாதிகாரம் ஒழிந்துவிடாது என்பதைக் காட்ட இந்தப் பாகம் இல்லாமல் முடியாது.

இயந்திர நாய் ஜீனோ இத்தனை பேசலாமா, அது ஆசிரியரின் குரல்தானே என்று கேட்பவர்களும் உண்டு. கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் இந்த நாவலைப் படிப்பவருக்கு, செய்துவைத்த உருவம் ஒன்று உயிர்ப்போடு இருப்பது புதிதல்ல; கொல்லிப்பாவை அந்த மலைக்கு உரியவள். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அவள் அழகு குன்றாது என்கிறது நற்றிணை. ஜீனோவின் பெருமை இதற்கு நேர் எதிரானது: அது மாறுகிறது. படிக்கிறது, யோசிக்கிறது, தன்னைச் செய்தவர்கள் எண்ணாததைக் கேட்கிறது. அதன் பேச்சு நீள்வதும் அதனால்தான்.